அயல்நாட்டுக் கல்வியும் வ. வே. சு. ஐயரும்

கடல் கடந்து சென்று கல்வி பயின்று வருவது நம்மவர்க்கு இன்று அரிய செயலன்று. இலண்டன், பாரிஸ், பெர்லின், நியூயார்க் என்று எத்தனையோ நகரங்களின் கலாசாலைகளில் தமிழ் இளைஞர்கள் பயில்கின்றனர். நிலத்தை அடகு வைத்தும், வங்கியில் கடன் பெற்றும் பெற்றோர் அவர்களை அனுப்பி வைக்கின்றனர். போகிறவர் என்ன பட்டம் பெறுவார், அதனால் என்ன ஊதியம் கிடைக்கும் என்னும் இரண்டு கேள்விகளை எல்லோரும் கேட்கிறோம். அக்கல்வி அவரை எத்தகைய மனிதராக்கும், நாட்டிற்கு அவரால் என்ன மிஞ்சும் என்னும் மூன்றாவது கேள்வியைக் கேட்போர் சிலரே. அந்த மூன்றாவது கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்ற ஒருவரை இன்று நம் வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே பொதிகையை நோக்கிச் செல்லும் பாதையில் பத்தமடை என்னும் ஊர் இருக்கிறது. பொருநையாற்றங்கரையில் விளையும் கோரையைக் கிழித்து, பட்டுப்போல் மெல்லிய பாய்களை நெய்யும் கைத்திறத்தால் அவ்வூரின் பெயர் உலகெங்கும் பரவியிருக்கிறது. சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்ததும் அங்கேதான். அவரும் கடல் கடந்தவரே. மலேயாவில் மருத்துவராகப் பணியாற்றிவிட்டுத் திரும்பி வந்து துறவு பூண்டு ரிஷிகேசத்தில் தங்கினார். அந்தப் பத்தமடையைத் தாண்டிச் சில கல் மேற்கே சென்றால் சேரன்மாதேவி. அங்கே 1922-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு குருகுலம் எழுந்தது. அதை நிறுவியவர் வ. வே. சு. ஐயர். இலண்டனில் சட்டம் பயின்று, பாரிஸில் அடைக்கலம் புகுந்து, புதுச்சேரியில் பத்தாண்டு கரந்துறைந்த மனிதர், தாம் உலகெங்கும் கற்றதையெல்லாம் கொண்டுவந்து கொட்ட இந்தப் பொருநைக் கரையைத் தேர்ந்துகொண்டார். அவர் எப்படி இங்கு வந்து சேர்ந்தார், இங்கு என்ன நேர்ந்தது என்பதை அறிவது நம் கடமையாகும்.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881 ஏப்ரல் 2-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அக்கல்லூரியை நடத்தியவர்கள் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த ஏசு சபைப் பாதிரிமார். ஆங்கில ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஒரு தமிழ்ச் சிறுவனுக்கு, ஐரோப்பா என்றால் இங்கிலாந்து மட்டுமன்று என்னும் உண்மை அங்கேயே புலப்பட்டிருக்க வேண்டும். லத்தீன் மொழியை அவர் ஆர்வத்துடன் கற்றார். பின்னர் வக்கீல் பரீட்சையில் தேறித் திருச்சியில் தொழில் செய்தார். அப்பால் ரங்கூனுக்குச் சென்று அங்கும் வக்கீலாக இருந்தார். அக்காலத்தில் வக்கீலுக்கும் பாரிஸ்டருக்கும் இடையே வருமானத்திலும் மதிப்பிலும் பெரிய இடைவெளி இருந்தது. அதைத் தாண்டும் எண்ணத்துடனேயே 1907-ல் அவர் இலண்டனுக்குக் கப்பலேறினார். லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அன்று அவர் உள்ளத்தில் இருந்த நோக்கம் இன்றைய மாணவர் நோக்கத்தினின்றும் வேறுபட்டதன்று.

அந்தச் சட்டக் கழகங்களின் முறை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பரீட்சையில் தேறுவது மட்டும் அங்கே போதாது. ஒவ்வொரு பருவத்திலும் கழகத்தின் மண்டபத்தில் குறித்த எண்ணிக்கை விருந்துகளில் மாணவன் உட்கார்ந்து உண்ண வேண்டும். உண்ணாவிடில் பருவம் கணக்கில் சேராது. உணவு பிடிக்காதவரும், புலால் உண்ணாதவரும் கூட அந்த மேசையில் அமர்ந்தே தீர வேண்டும். ஒரு தொழிலுக்குரியோர் அனைவரும் ஒரு பந்தியில் அமர்வதும் பயிற்சியின் ஒரு பகுதி என்று அந்நாட்டார் கருதினர். இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பின்னால் இதற்கு வேலை உண்டு.

இலண்டனில் ஹைகேட் பகுதியில் சியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905-ல் இந்திய மாணவர்க்கென ஒரு விடுதி ஏற்படுத்தியிருந்தார். இந்தியா ஹவுஸ் என்பது அதன் பெயர். வாடகைக்கு அறை தேடி அலைந்த மாணவர்க்கு அது தங்குமிடம். தேசத்தை நினைத்து ஏங்கியவர்க்கு அதுவே அரசியல் பள்ளி. விநாயக தாமோதர சாவர்க்கர் அங்கே தலைவராக விளங்கினார். ஐயர் அவருடைய நெருங்கிய தோழரானார். 1857-ஆம் ஆண்டின் எழுச்சியைப்பற்றிச் சாவர்க்கர் மராத்தியில் எழுதிய நூலை ஆங்கிலமாக்கிய மாணவர் குழுவின் வேலையை ஐயர் மேற்பார்த்தார். பாரதியாரின் இந்தியா பத்திரிகைக்கு இலண்டனிலிருந்து கடிதங்கள் எழுதினார். சட்டம் படிக்கச் சென்றவர் சரித்திரம் படிக்கலானார். ஒரு நாடு எவ்வாறு அடிமையாகிறது, எவ்வாறு விடுபடுகிறது என்பதே அவருடைய பாடமாயிற்று. மாஜினி, கரிபால்டி, நெப்போலியன் ஆகியோர் வரலாறுகள் அவர் கைக்குத் துணையாயின.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். 1909-ல் இலண்டன் இந்திய மாணவர்கள் ஒரு விருந்து நடத்தினர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகளைத் தலைமை வகிக்க அழைத்திருந்தனர். சமையலும் பாத்திரம் கழுவுவதும் மாணவர் வேலை. மெலிந்த உருவமுடைய ஒருவர் முன்னதாகவே வந்து அவர்களோடு சேர்ந்து பாத்திரம் துலக்கிக் கொண்டிருந்தார். ஐயர் வந்து பார்த்துச் சொன்ன பிறகே அவர்தாம் அன்றைய தலைவர் என்பது மற்றவர்க்குத் தெரிந்தது. அன்று ஐயர் காந்தியடிகளின் வழியை ஏற்றவரல்லர். எனினும் அந்தச் சமையலறைக் காட்சி எந்தச் சட்டக் கழகத்திலும் கற்பிக்கப்படாத பாடம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

1909 ஜூலை முதல் தேதி மதன்லால் டிங்க்ரா கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்றபின் இலண்டன் இந்திய மாணவர்மேல் போலீசாரின் கண் விழுந்தது. ஐயர் பரீட்சைகளில் தேறியிருந்தார். பாரிஸ்டராக ஏற்கப்படும் சடங்கு ஒன்றே எஞ்சியிருந்தது. அதில் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். அவர் செய்ய மறுத்தார். வாய்ச் சொல்தானே, சொல்லிவிட்டுப் பின் நினைத்தபடி நடக்கலாம் என்று உபதேசிப்போர் எக்காலத்திலும் உண்டு, அக்காலத்திலும் இருந்திருப்பர். எந்தப் பட்டத்திற்காக ரங்கூன் வருவாயை விட்டாரோ, ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருந்தாரோ, அந்தப் பட்டம் கைக்கெட்டிய நேரத்தில் அதை வேண்டாமென்றார். ஆகவே உலகக் கணக்கின்படி அவருடைய அயல்நாட்டுக் கல்வி தோல்வியில் முடிந்தது. பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை.

1910 மார்ச்சில் சாவர்க்கர் கைது செய்யப்பட்டார். ஐயருக்கும் வலை விரிக்கப்பட்டது. அவர் இங்கிலாந்தினின்றும் தப்பிப் பிரெஞ்சு நாட்டை அடைந்தார். தப்பும்போது அவர் சீக்கியரைப்போல் தாடி வளர்த்திருந்ததாகவும், பெட்டியின்மீதிருந்த வி. வி. எஸ். என்னும் எழுத்துகளைக் கண்டு ஐயுற்ற துப்பறிவோனிடம் தம் பெயர் வீர விக்ரம சிங் என்று கூறி நழுவியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. பாரிஸில் காமா அம்மையார் முதலிய தேசபக்தர் கூட்டத்தோடு அவர் சேர்ந்தார். பிரெஞ்சு மொழியில் தேர்ந்தார். அந்நகரில் அவர் எந்தக் கலாசாலையிலும் பெயர் பதியவில்லை. ஆயினும் ஒரு மாணவனுக்குப் பாரிஸ் தரக்கூடிய பெரிய பாடத்தை அங்கே பெற்றார். மன்னனை நீக்கிவிட்டு மக்கள் ஆளும் நாடு எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் கண்டார்.

அந்தப் பாடத்தின் மறுபக்கமும் விரைவில் தெரிய வந்தது. 1910 ஜூலை 8-ஆம் தேதி, இந்தியாவிற்குக் கொண்டு செல்லப்பட்ட சாவர்க்கர் மார்ஸேல் துறைமுகத்தில் கப்பலின் துவாரம் வழியே கடலில் குதித்து நீந்திக் கரையேறினார். காமா அம்மையாரும் ஐயரும் அவரை ஏற்றிச் செல்ல மோட்டார் வண்டியில் வந்ததாகவும், சற்றுத் தாமதித்து வந்ததாகவும் கூறுவர். அதற்குள் பிரெஞ்சுக் காவலன் அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடமே ஒப்படைத்து விட்டான். பிரெஞ்சு மண்ணில் நடந்த இச்செயல் முறையா என்னும் வழக்கு ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை சென்று, 1911 பிப்ரவரியில் ஆங்கிலேயர்க்குச் சாதகமாகத் தீர்ந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று தன் கட்டடங்களில் பொறித்து வைத்திருக்கும் தேசமும், தன் நலம் குறுக்கிட்டால் அச்சொற்களைப் பேணுவதில்லை என்று ஐயர் அப்போது கண்டிருப்பார்.

மாறுவேடம் பூண்டு பல நாடுகள் சுற்றி 1910-ல் அவர் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கே இருந்தனர். ஐயர் இளைஞர்க்குத் தேகப்பயிற்சியும் துப்பாக்கிப் பயிற்சியும் அளித்தார். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் அவரிடம் பயின்றவர் என்பர். அந்த வழியை நாம் இன்று போற்றவில்லை. பிற்காலத்தில் ஐயரே அதைக் கைவிட்டுக் காந்தியடிகளின் அறப்போரைத் தழுவினார்.

1914-ல் ஐரோப்பிய யுத்தம் மூண்டது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நேசராயினர். அடைக்கலம் புகுந்த தேசபக்தர்களைப் புதுச்சேரியினின்றும் ஆப்பிரிக்காவிற்கு அனுப்பி விடுவார்கள் என்னும் அச்சம் பிறந்தது. போகு முன் தமிழுக்கு ஏதேனும் செய்துவிட்டுப் போகவேண்டுமென்று ஐயர் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார் என்று கூறுவர். அந்த மொழிபெயர்ப்பு 1916-ல் வெளிவந்தது. கம்ப நிலையம் என்னும் பெயரால் நூல்களை வெளியிட்டார். 1915-ல் குளத்தங்கரை அரசமரம் என்னும் கதையை எழுதினார். தமிழ்ச் சிறுகதைக்கு அவரைத் தந்தை எனப் பலர் போற்றுவது அதனால்தான். கிரேக்கப் புராணமும், மொகலாயர் அரண்மனையும், பிரெஞ்சுக் கிராமமும் அவருடைய கதைகளில் தமிழ் பேசின. பிறமொழி கற்றவர் தம் மொழியை மறப்பர் என்னும் பழிக்கு இலக்காகாமல், கற்ற ஒவ்வொரு மொழியையும் தமிழுக்கு உரமாக்கினார்.

யுத்தம் முடிந்தபின் தடை நீங்கி, ஐயர் ஆங்கில இந்தியாவிற்குத் திரும்பினார். திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திவந்த தேசபக்தன் பத்திரிகைக்கு 1920-ல் ஆசிரியரானார். அதில் வெளிவந்த எழுத்துக்காக 1921-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு ஒன்பது மாதத் தண்டனை பெற்றுப் பெல்லாரிச் சிறையில் இருந்தார். அங்கே கம்பராமாயணத்தை ஹோமர், வர்ஜில், மில்டன் முதலியோர் காவியங்களோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி எழுதினார். லத்தீனும் கம்பனும் ஒருவரிடத்தில் கூடியதால் விளைந்த பயன் அது. அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்தே அது முழு நூலாக வெளிவந்தது.

சிறையினின்றும் வந்தபின் அவர் உள்ளம் கல்வியில் சென்றது. ஆங்கிலேயர் ஏற்படுத்திய பள்ளிகள் குமாஸ்தாக்களை ஆக்குகின்றன; நம் பிள்ளைகள் தாய்மொழியில் கற்க வேண்டும், கைத்தொழில் பழக வேண்டும், உடலை உறுதி செய்ய வேண்டும் என்று அவர் கருதினார். உலகம் சுற்றிப் பெற்ற அனுபவத்தை நாட்டுப் பிள்ளைகளுக்குத் தர ஓர் ஆசிரமம் வேண்டுமென்று விழைந்தார். அவ்வாறு எழுந்ததே சேரன்மாதேவிக் குருகுலம். உயர்ந்த மலை, வற்றாத ஆறு, நெல்லும் வாழையும் செழிக்கும் கால்வாய்க் கரைகள். பத்தமடை முதல் கல்லிடைக்குறிச்சி வரை அடுத்தடுத்துப் பழம்பெரும் ஊர்கள். இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பல சாதியினரும் மனமுவந்து பொருளுதவினர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்பி ஐயாயிரம் கொடுத்தது. பாலபாரதி என்னும் பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது.

இனிச் சொல்ல வேண்டியது வருத்தம் தரும் செய்தி. மறைத்தல் தகாது. பெற்றோரின் வேண்டுகோளுக்கிணங்கிப் பிராமண மாணவர் இருவர்க்குக் குருகுலத்தில் தனியே உணவளிக்கப்பட்டது. மற்ற மாணவர்கள் இதைக் கண்டனர். வீட்டிற்குச் சென்று சொன்னார்கள். எல்லோருடைய பணத்தாலும் நடக்கும் தேசீய நிலையத்தில் பிறப்பைப் பார்த்துப் பந்தி பிரிப்பதா என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தம் தமிழ்நாடு பத்திரிகையில் கண்டித்து எழுதினார். ஈ. வே. ராமசாமி எஞ்சிய ஐயாயிரத்தைக் கொடுக்க மறுத்தார். வழக்கு காந்தியடிகள் வரை சென்றது. பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கை மீறுவதற்கில்லை என்பது ஐயரின் நிலை. 1925 ஏப்ரலில் அவர் குருகுலப் பொறுப்பினின்றும் விலகினார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மகாநாட்டின்போது ஈ. வே. ராமசாமி காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானமே நேரான காரணமாயினும், சேரன்மாதேவியில் விழுந்த பிளவு அதற்கு முன்னோடி என்பதைச் சரித்திரம் கற்றோர் அறிவர். இருவர்க்கு இட்ட தனி இலை தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே திருப்பிவிட்டது.

இவ்விஷயத்தில் நமது கருத்தை ஒளிவின்றிக் கூறுகிறோம். ஐயர் சாதிச் செருக்கினால் அவ்வாறு செய்தாரென்று நாம் நம்பவில்லை. லிங்கன்ஸ் இன் மண்டபத்தில் பல மதத்தாரோடும் பல இனத்தாரோடும் பருவந்தோறும் ஒரே பந்தியில் அமர்ந்தவர் அவர். காந்தியடிகள் பாத்திரம் துலக்கிய சமையலறையைக் கண்டவர் அவர். கொடுத்த வாக்கைக் காப்பது அவர் இயல்பு. பொய்ப் பிரமாணம் செய்ய மாட்டேன் என்று பாரிஸ்டர் பட்டத்தை உதறிய அதே குணம் இங்கே பெற்றோர்க்குத் தந்த சொல்லைப் பற்றிக்கொண்டது. ஆயினும் இரண்டு வாக்குகள் அங்கே இருந்தன. ஒன்று, இரண்டு குடும்பங்களுக்கு அவர் வாயால் சொன்னது. மற்றொன்று, தேசீயக் குருகுலம் என்று பெயரிட்டபோதே நாட்டிற்கெல்லாம் சொல்லாமல் சொன்னது. பின்னதே பெரிது. பந்தியில் ஒதுக்கப்பட்ட சிறுவனின் உள்ளத்தில் ஏற்படும் புண்ணை எந்தத் தேகப்பயிற்சியும் எந்தக் காவியமும் ஆற்றாது. அவ்வளவு கற்ற பெரியார் இதை முன்கூட்டியே உணராமற்போனது தமிழ்நாட்டின் துர்ப்பாக்கியம். எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அதைக் கேட்டிராவிடில் நாம் இன்னும் பின்தங்கியிருப்போம்.

மனப்புண் ஆறுவதற்குள் மரணம் வந்தது. 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் குருகுல மாணவரோடு பாபநாசத்திற்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்திற்குச் சென்றார். நீரைத் தாண்ட முயன்ற அவருடைய மகள் சுபத்திரை கால் இடறி வெள்ளத்தில் விழுந்தாள். நீச்சலில் வல்லவரான தந்தை உடனே குதித்தார். இருவரையும் அருவி கொண்டு சென்றது. அப்போது அவருக்கு வயது 44. இலண்டன் போலீசாராலும், பிரெஞ்சு எல்லையிலும், புதுச்சேரி ஒற்றராலும் பிடிக்கப்படாத உயிரைத் தாமிரபரணி பெற்றுக்கொண்டது.

வரகனேரியில் அவர் பிறந்த இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகிறது. ஆனால் அவர் வாழ்வு சொல்லும் செய்தி நினைவில்லத்தில் அடங்குவதன்று. வெளிநாட்டுக் கலாசாலைகளுக்குச் செல்லும் மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது: அந்நாட்டார் மொழியைக் கற்று, அவர்கள் நூல்களை ஊன்றிப் படியுங்கள். அவர்களுடைய பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே காணுங்கள். பட்டத்திற்காக மனச்சாட்சியை விற்காதீர்கள். கற்றதைத் தமிழில் எழுதுங்கள். இவை நான்கிலும் ஐயர் உங்களுக்கு வழிகாட்டி. ஐந்தாவதாக ஒன்றுண்டு, அதில் அவருடைய குறையே நமக்கு ஆசான். அயல்நாட்டில் எவரோடும் அமர்ந்து உண்ணப் பழகிய நீங்கள், ஊருக்குத் திரும்பியதும் அதை மறந்துவிடாதீர்கள். கப்பலில் ஏறும்போது கழற்றிய வேற்றுமையை இறங்கும்போது மீண்டும் அணிந்துகொள்வது கல்வியாகாது.

பத்தமடைப் பாயில் ஒவ்வொரு கோரையும் தனித்தனியே கிழிக்கப்படுகிறது. எல்லாம் ஒரே பாவில் கூடிய பின்னரே அது பாயாகிறது. அதன்மேல் வந்து அமர்வோரின் குலத்தை அப்பாய் கேட்பதில்லை. அந்தப் பாயை விரித்து, நம் பிள்ளைகள் அனைவரையும் ஒருங்கே அமர்த்திக் கல்வியும் உணவும் தருவோமாயின், பொருநைக் கரையில் ஐயர் தொடங்கி முடிக்க இயலாமற்போன பணியை நாம் நிறைவு செய்தவராவோம்.